ராஜூலா கப்பலும் ஒரு தகரப் பெட்டித் தபால் அட்டைகளும்



கொடைக்கானல்காரர்கள் கப்பலைப் பற்றிப் பேசினால் கீழே இருப்பவர்கள் சிரிப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கும் நமக்குத் தெரிந்த கப்பலெல்லாம் ஏரியில் மிதக்கும் படகுதான். லெவிஞ்ச் துரை 1863-இல் ஏரியை உண்டாக்கியபின் முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் கொண்டுவந்து விட்டார் என்று சொல்வார்கள். கடலோடு நம் ஊருக்கு அந்த அளவுக்காவது தொடர்பு உண்டு என்று நானும் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுப் பரண் ஒழுகியது. ஓடு மாற்றுவதற்காகச் சாமான்களை இறக்கியபோது, வத்தலக்குண்டு பக்கம் இருந்த பூர்வீக வீட்டிலிருந்து வந்த ஒரு பச்சைத் தகரப் பெட்டி கண்ணில் பட்டது. உள்ளே, சணல் கயிற்றால் கட்டிய தபால் அட்டைகள். மொத்தம் 63. எல்லாம் என் சின்னத் தாத்தாவும், அவருக்குப் பின் அவர் மகனான என் சித்தப்பாவும் மலாயாவிலிருந்து அனுப்பியவை. பெரும்பாலும் படமில்லாத சாதாரண அட்டைகள். மூன்றில் மட்டும் கப்பல் படம். அதில் இரண்டில் ஒரே கப்பல்: ராஜூலா.

நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இளையவர்களுக்காக அந்த அட்டைகளை வரிசையாக வைத்துக் கதையைச் சொல்கிறேன். கடைசியில் ஒரு கணக்கும் இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டு வங்கியில் பேரேட்டைப் புரட்டியவன் கணக்குப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டான்.

முதல் அட்டை: பினாங்கு, 1927

கறுப்பு வெள்ளைப் படம். கறுப்பு உடல், உயரமான ஒற்றைப் புகைபோக்கி, புகைபோக்கியைச் சுற்றி இரண்டு வெள்ளைப் பட்டைகள். அந்த இரண்டு பட்டைதான் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் அடையாளம். சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியபோது, கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து அவரோடு மல்லுக்கு நின்றது இதே பி.ஐ. கம்பெனிதான். வ.உ.சி. சிறைக்குப் போனார், சுதேசிக் கம்பெனி கலைந்தது, கடல் மறுபடி பி.ஐ.யின் கைக்குப் போனது.

அந்தக் கம்பெனி 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பார்க்லே கர்ல் கப்பல் பட்டறையில் கட்டி வாங்கியது ராஜூலா. அளவு சுமார் 8,500 டன். பெயர் குஜராத்தில் உள்ள ஒரு ஊரின் பெயர். இந்தியப் பெயராக இருக்க வேண்டும், 'ஆ' ஓசையில் முடிய வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். அதே ஆண்டு ரோனா என்ற தங்கைக் கப்பலும் இன்னொரு பட்டறையில் கட்டப்பட்டது. இரண்டுக்கும் ஒரே தடம்: மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர். போக ஏறக்குறைய ஒரு வாரம்.

இந்தக் கப்பலின் உள்ளமைப்பைக் கவனிக்க வேண்டும். அறை வசதியுள்ள மேல் வகுப்புப் பயணிகளுக்கு மிகச் சில பத்து இடங்கள்தான். தளத்தில் படுத்துப் போகும் 'டெக்' பயணிகளுக்கோ ஐயாயிரத்துக்கும் மேல் அனுமதி. 8,500 டன் கப்பலில் ஐயாயிரம் பேர்! நம் வட்டாரத்தில் ஒரு நடுத்தரக் கிராமமே ஏறிக்கொண்டது போல. அவரவர் பாய், அவரவர் செம்பு, ஆளுக்கு ஒரு பாய் அகலம் இடம்.

ஏன் 1926-இல் இத்தனை பெரிய கப்பல்? ரப்பர்தான் காரணம். உலகமெங்கும் மோட்டார் கார் பெருகியது. டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பர் விலை ஏறியது. மலாயாத் தோட்டங்களுக்குப் பால் வெட்ட ஆள் வேண்டும். 1926-ஆம் ஆண்டு மட்டும் இந்தியாவிலிருந்து மலாயாவுக்குப் போனவர்கள் சுமார் 1,75,000 பேர். பெரும்பாலோர் தமிழர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு கங்காணி முறைதான். தோட்டத்தில் வேலை பார்க்கும் கங்காணி சொந்த ஊருக்கே வந்து, தெரிந்தவர், உறவினர் என்று பார்த்து ஆள் சேர்ப்பார். கப்பல் கட்டணத்தைத் தோட்ட முதலாளிகள் செலுத்தும் நிதி கொடுத்துவிடும். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களைத் தங்கவைக்கும் முகாம்கள் இருந்தன. பினாங்கு போனதும் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம்.

என் சின்னத் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். பஞ்சம் பிழைக்க என்று அவர் சொல்லவில்லை. அட்டையின் பின்புறம், திண்ணைப் பள்ளியில் பழகிய உருண்டை எழுத்தில், தன் அண்ணனுக்கு எழுதுகிறார்: சுகமாக வந்து சேர்ந்தேன், கடலில் நாலு நாள் தலை தூக்கவில்லை, இந்தப் படத்தில் இருப்பதுதான் நாங்கள் வந்த கப்பல், அம்மாவிடம் காட்டவும்.

படத்தில் கப்பலின் மேல் தளம் வெறிச்சென்று இருக்கிறது. ஒரு மனிதர்கூட இல்லை. கப்பல் கம்பெனிகளின் அட்டைகள் அப்படித்தான் இருக்கும். அந்த அட்டையை வாங்கிய மனிதர் படுத்து வந்த இடம் படத்தில் தெரியாது.

புலித் தபால்தலை: 1931

அடுத்த சில ஆண்டுகளின் அட்டைகளில் பாயும் புலி படம் போட்ட தபால்தலை இருக்கிறது. பேராக், சிலாங்கூர் முதலிய நான்கு மாநிலங்களுக்கும் பொதுவாக அந்தக் காலத்தில் வெளியான தலை அது. சிறுவயதில் அந்தப் புலிக்காகவே நான் பெட்டியைத் திறந்து அடிவாங்கியதுண்டு.

1928, 1929 அட்டைகளில் பணம் அனுப்பிய செய்தி தவறாமல் வருகிறது. அப்போது சாலை வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலி. ஒரு வெள்ளிக்கு நூறு காசு. அதில் அரிசி, உப்பு, புளி போக மிச்சம் பிடித்து மணியார்டர்.

1931-இல் குரல் மாறுகிறது. உலகப் பொருளாதார வீழ்ச்சி. அமெரிக்காவில் கார் விற்கவில்லை. மலாயாவில் ரப்பர் பாலுக்கு விலை இல்லை. கூலியைக் குறைத்தார்கள். பிறகு ஆளையே குறைத்தார்கள். 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இலவசமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஐந்து வருடம் முன்பு ஆள் ஏற்றிக்கொண்டு போவதற்கென்றே கட்டிய கப்பல்கள் இப்போது ஆளைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கின. கட்டணத்தைப் போக்குக்குக் கொடுத்த அதே முதலாளிமார் நிதிதான் வரத்துக்கும் கொடுத்தது.

சின்னத் தாத்தா திரும்பவில்லை. "பாதி ஆளுக்கு மேல் கப்பலேறிவிட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்" என்று ஒரு வரி. பணம் பற்றி அந்த ஆண்டு ஒன்றும் இல்லை.

1938-இல் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவித்தொகை கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. தோட்டங்களில் கூலி விஷயத்தில் ஏற்பட்ட சச்சரவுதான் காரணம். அதோடு கங்காணிக் காலம் முடிந்தது. அதன்பின் ராஜூலாவில் ஏறியவர்கள் பெரும்பாலும் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தவர்கள்: கடைக்காரர்கள், கிராணிமார், விடுமுறைக்கு வந்து திரும்புகிறவர்கள்.

அட்டை இல்லாத வருடங்கள்

1941 கார்த்திகையில் எழுதிய ஓர் அட்டைக்குப் பிறகு கட்டில் இடைவெளி. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மூன்றரை ஆண்டுகள் தபாலும் இல்லை, கப்பலும் இல்லை. ஆயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவேயில்லை. வேறு பலர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். இங்கே ஊரில் இருந்தவர்களுக்கு ஒரு விவரமும் தெரியாது. அந்த வருடங்களில் என் கொள்ளுப் பாட்டி தினமும் தபால்காரர் சைக்கிள் மணிக்காக வாசலில் உட்கார்ந்திருந்ததாக அப்பா சொல்வார்.

அப்போது இந்தக் கப்பல்கள் என்ன செய்தன? ராஜூலாவையும் ரோனாவையும் அரசு போருக்கு எடுத்துக்கொண்டது. பால் வெட்டும் ஆட்கள் படுத்த தளத்தில் சிப்பாய்கள் படுத்தார்கள். 1943 நவம்பர் 26 அன்று, மத்தியதரைக் கடலில் அல்ஜீரியா நாட்டுக் கரைக்கு அப்பால், ஜெர்மன் விமானம் வீசிய ஒரு குண்டு ரோனாவைத் தாக்கியது. விமானத்தில் இருந்தபடியே வானொலி அலையால் திசை திருப்பக்கூடிய புதுவகைக் குண்டு அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். கப்பலின் சிப்பந்திகளிலும் நூறு பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். குண்டின் ரகசியம் வெளியாகக் கூடாது என்பதற்காக அமெரிக்க அரசு பல ஆண்டுகள் இதைப் பற்றிப் பேசவில்லை. நாகப்பட்டினத்துக்கு வந்துபோன கப்பல் ஒன்று ஆப்பிரிக்கக் கரையோரம் ஆயிரம் அமெரிக்கர்களோடு மூழ்கியது என்று யார் நினைத்திருப்பார்கள்?

ராஜூலா தப்பியது. போர் முடிந்ததும் பழைய தடத்துக்கே திரும்பியது.

கட்டில் அடுத்த அட்டை 1946. தபால்தலையில் பழைய மன்னர் தலைதான். அதன் மேல் 'பி.எம்.ஏ. மலாயா' என்று கறுப்பு மையில் அடித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் முத்திரை அது. செய்தி இரண்டே வரி: நானும் பையனும் உயிரோடு இருக்கிறோம். அவள் இல்லை.

அவள் என்றது சின்னப் பாட்டியை. எங்கள் குடும்பத்தில் யாரும் அவரைப் பார்த்ததே கிடையாது.

நல்ல காலம்

1950-களின் அட்டைகள் கலகலப்பானவை. சின்னத் தாத்தா தோட்டத்தில் கிராணிக்கு உதவியாளர் ஆகிவிட்டார். 1934-இல் அங்கே பிறந்த மகன், அதாவது என் சித்தப்பா, பால் வெட்டுக்குப் போகிறார். லயத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் இவர்தான் கடிதம் எழுதிக் கொடுக்கிறார் போலிருக்கிறது. அட்டையின் ஓரத்தில் வேறு யாருக்கோ விசாரிப்பு எழுதி அடித்திருக்கிறார்.

இந்தக் காலத்து ராஜூலாவைத்தான் பலரும் ஆசையாக நினைவுகூர்கிறார்கள். டெக் பயணிகளின் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டார்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் வந்தால் சுங்கச் சாவடி திருவிழாக் கோலம் பூணும். பச்சைத் தகரப் பெட்டி, கோடாலித் தைலம், கைலி, நைலான் சேலை, டார்ச் லைட். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வர முடியாது. கடலில் தள்ளி நிற்கும். படகில் போய் ஏற வேண்டும், இறங்க வேண்டும். அலையில் ஆடும் படகிலிருந்து கப்பல் ஏணியைப் பிடிக்கும் அந்த நொடியைப் பற்றி நாகைப் பக்கத்து முதியவர்கள் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள்.

நம் மலைக்கும் இதில் பங்கு உண்டு. குறிஞ்சி ஆண்டவர் கோயிலின் பின்புறம் நின்றால், பனி இல்லாத நாளில் கீழே பழநி தெரிகிறதல்லவா? அந்தப் பழநி தண்டாயுதபாணிதான் சிங்கப்பூர் டேங்க் சாலையிலும், பினாங்கு தண்ணீர்மலையிலும் கோயில் கொண்டிருக்கிறார். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. சின்னத் தாத்தாவின் 1956-ஆம் ஆண்டு அட்டை ஒன்றில், "இங்கு தண்ணீர்மலையில் காவடி எடுத்தேன். பழநியில் எனக்காக ஒரு மொட்டை நீ போட்டுக்கொள்" என்று அண்ணனுக்குக் கட்டளை. என் தாத்தா போட்டுக்கொண்டார் என்றே கேள்வி.

சின்னத் தாத்தா 1962-இல் அங்கேயே காலமானார். கடைசிவரை ஊருக்கு வரவில்லை. 35 வருடம், ஒரே ஒரு கப்பல் பயணம்.

இரண்டாவது கப்பல் அட்டை: 1970

இதே ராஜூலா. இரண்டு வெள்ளைப் பட்டைகள் போட்ட அதே புகைபோக்கி. இந்த அட்டை தபாலில் வரவில்லை. என் கையில் நேராகத் தரப்பட்டது.

மலாயா 1957-இல் சுதந்திரம் பெற்றது. அந்த நாளிலிருந்து அங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன் பிறந்த இந்தியர்களில் பலர் விண்ணப்பம் போட்டு, சான்று காட்டி வாங்க வேண்டியிருந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்தவரிடம் என்ன சான்று இருக்கும்? பலர் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்துவிட்டார்கள். குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்தது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் அது கடுமையாக அமலானது. சுமார் 60,000 இந்தியர்கள் அந்தச் சமயத்தில் மலேசியாவை விட்டுக் கிளம்பினார்கள்.

அவர்களில் என் சித்தப்பா குடும்பமும் ஒன்று. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கொடை ரோடு நிலையத்தில் ரயிலேறி மெட்ராஸ் போனார். துறைமுகத்தில் முதல்முறையாக ராஜூலாவைப் பார்த்தேன். படத்தில் இருந்ததைவிடச் சிறியதாகவும் துருப்பிடித்தும் இருந்தது. பளபளப்பாக இருக்கும் என்று நினைத்து வந்தவனுக்கு ஏமாற்றம். ஆனால் படத்தில் இல்லாத ஒன்று இருந்தது: தளம் முழுக்க மனிதர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக, கரையில் யாரும் வந்திருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு.

சித்தப்பா, சித்தி, இரண்டு பிள்ளைகள், மூன்று பெட்டிகள். என் வயதுப் பையன் ஒருவன். அவன் பேசிய தமிழில் நடுநடுவே மலாய்ச் சொற்கள். அவன்தான் கப்பலில் வாங்கிய அட்டையை என்னிடம் நீட்டினான். சித்தப்பா அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "அண்ணே, அப்பா அனுப்புன பணத்துல வாங்குன வயல் எந்தப் பக்கம் இருக்கு?"

அப்பா பதில் சொல்லாமல் பெட்டியைத் தூக்கினார்.

தகப்பனை ஏற்றிப்போன கப்பலே 43 வருடம் கழித்து மகனைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியது. அவருக்கு இது திரும்புதல் ஆகாது. அவர் பிறந்தது பேராக்கில். கணக்குப்படி அவர் வெளிநாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தார்.

கடைசி அட்டை: வெள்ளைக் கப்பல்

1973-இல் பி.ஐ. கம்பெனி ராஜூலாவை நம் அரசின் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்றது. 47 வயதுக் கப்பலுக்கு ரங்கத் என்று அந்தமான் ஊர் ஒன்றின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் அதிக நாள் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். ராஜூலா அட்டை எங்கும் கிடைக்கும். ரங்கத் என்று பெயர் அச்சிட்ட ஓர் அட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதன் இடத்துக்கு வந்தது பெட்டியில் இருக்கும் மூன்றாவது கப்பல். வண்ணப் படம், வெள்ளை உடல், பெயர் சிதம்பரம். அந்தப் பெயரைக் கேட்டால் நமக்கு யார் நினைவு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பி.ஐ. கம்பெனியோடு மோதியவரின் பெயர் கொண்ட கப்பல், பி.ஐ. விட்டுப்போன தடத்தில் ஓடியது.

சிதம்பரமும் புதுக் கப்பல் அல்ல. 1966-இல் பிரான்சின் டன்கிர்க் நகரில் கட்டப்பட்டது. முதல் பெயர் பாஸ்டர், வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட அதே விஞ்ஞானியின் பெயர். ஐரோப்பாவிலிருந்து தென் அமெரிக்காவுக்கு வசதியான பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பல். இடம் சுமார் 430 பேருக்கு மட்டும். விமானம் வந்து அந்தத் தொழிலைக் கெடுக்கவே, நம் கப்பல் கழகம் வாங்கியது. அதே உடலுக்குள் அடுக்குப் படுக்கைகள் போட்டு, 1,500 பேருக்கு மேல் போகும்படி மாற்றினார்கள். வெளியிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் பாஸ்டரும் சிதம்பரமும் ஒன்றுதான்.

1984 பிப்ரவரி 12 அன்று வங்கக் கடலில் சிதம்பரத்தில் தீப்பிடித்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு கப்பலை உடைக்க அனுப்பினார்கள். அதோடு சென்னை - சிங்கப்பூர் பயணிகள் கப்பல் என்ற ஒன்று முடிந்தது. இன்று நாலு மணி நேரத்தில் விமானம் போகிறது. நல்லதுதான். ஆனால் ராஜூலாவின் 47 ஆண்டுகளையும் சிதம்பரத்தின் பத்துச் சொச்ச ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே போனவர், வந்தவர், போகாமல் நின்றவர் என்று எத்தனை லட்சம் குடும்பங்களின் தலைவிதி இந்த இரண்டு கப்பல்களுக்குள் அடங்கியிருக்கிறது!

நான் பார்த்த கணக்கு

இப்போது சொன்ன கணக்குக்கு வருகிறேன். எழுத வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். எழுதத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

63 அட்டைகளையும் தேதிவாரியாக அடுக்கி, பணம் அனுப்பியதாகச் சொல்லும் 41 அட்டைகளைத் தனியே எடுத்து, ஒரு நோட்டில் பற்று வரவு எழுதினேன். 1928 முதல் 1962 வரை மொத்தம் ரூ.4,615. பூர்வீக ஆவணங்களில், என் தாத்தா 1951-இல் இரண்டு ஏக்கர் நஞ்சை வாங்கிய கிரயப் பத்திரம் இருக்கிறது. விலை ரூ.2,400. பத்திரத்தில் ஒரே பெயர்: என் தாத்தாவுடையது. அந்த ஆண்டு வரை வந்த பணம், என் கூட்டல்படி, அதைவிட அதிகம்.

தாத்தா கெட்டவர் இல்லை. தம்பி உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாமல் பல ஆண்டுகள் இருந்தவர். அவனுக்காக மொட்டை போட்டுக்கொண்டவர். ஆனாலும் பத்திரத்தில் இரண்டாவது பெயரை எழுத அதிக மை செலவாகியிருக்காது.

சித்தப்பா குடும்பம் எங்கள் வீட்டு முன்னறையில் எட்டு மாதம் இருந்தது. வயலைப் பற்றி இரண்டாம் முறை அவர் கேட்டதாக நினைவில்லை. பிறகு தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்துப் போய்விட்டார். மலாயாத் தோட்டத்தில் பிறந்தவர் நம் மலைத் தோட்டத்திலேயே காலமானார். அந்த வயலை 1990-களில் அப்பா விற்றார். அந்தப் பணம்தான் நம் குடியிருப்பில் நான் இப்போது இருக்கும் வீட்டுக்கு அஸ்திவாரம். உங்களில் பலர் வந்து காப்பி குடித்த வீடு அது. ராஜூலா பாதி கட்டிய வீடு.

சென்ற மாதம் நோட்டையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, திண்டுக்கல்லில் இருக்கும் அந்தப் பையனைப் பார்க்கப் போனேன். இப்போது அவனும் பேரன் பேத்தி எடுத்தவன். நோட்டை விரித்து வைத்தேன். அவன் கூட்டலைப் பார்க்கவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. "தாத்தா கையெழுத்தை நான் பார்த்ததே இல்லப்பா" என்றான். பிறகு, "இந்த பி.எம்.ஏ. அட்டையை மட்டும் நான் வச்சுக்கட்டுமா? அப்பத்தாவைப் பத்தி இருக்கிறது இது ஒண்ணுதானே" என்று கேட்டான்.

எல்லாம் உன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அட்டைகளுக்குக் கணக்கு முடிந்தது. வயலுக்கு முடியவில்லை. அதை என் பிள்ளைகளிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

நம் மலையில் கப்பல் ஏறி வந்தவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள ஒத்துக்கொண்டது. அவர்களில் ஏராளமானோர் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு இராமானுஜம் கப்பலில் வந்து, மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாடெங்கும் பிரிந்து போனார்கள். நம் மலைக்கு வந்தவர்கள் சவுக்கும் யூகலிப்டஸும் வெட்டியும், தோட்டங்களில் கூலி வேலை செய்தும் வாழ்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று நம் குடியிருப்புக்குக் காய்கறி கொண்டுவருகிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள், நம் பேரப் பிள்ளைகளோடு படிக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளிலும் அட்டைகள் இருக்கும்.

நம் ஊர்ப் பனியும் ஈரமும் காகிதத்துக்கு எமன். என் கட்டில் ஏழு அட்டைகள் பூஞ்சணம் பிடித்து எழுத்தே போய்விட்டன. ஆகையால் மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, பழைய கடிதம், அட்டை, கடவுச்சீட்டு எது இருந்தாலும் பரணிலிருந்து இறக்கி, நல்ல வெயில் நாளில் நிழலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு மூட வேண்டாம். ஈரம் உள்ளேயே நிற்கும்.

இரண்டு, இரு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். படமுள்ள பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கப்பல் முன்பக்கம் இருக்கும். மனிதர்கள் பின்பக்கம்தான் இருப்பார்கள்.

மூன்று, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். யார் யாருக்கு எழுதினார், எந்தப் பணம் எங்கே போயிற்று என்று அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அது சங்கடமான பதிலாகவும் இருக்கலாம். இருந்தாலும் கேட்டு வையுங்கள்.

ராஜூலா அட்டைகள் இரண்டையும் சிதம்பரம் அட்டையையும் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன், பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். என் சித்தப்பா மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.